சுமை யார் தலையில்?

ஒரு குடும்பத்தில் பணமுடை நேர்ந்தால் வீட்டைவிட்டு முதலில் வெளியேறுவது பொன்னே. மகனின் கல்லூரிக் கட்டணமாயினும், தந்தையின் மருத்துவச் செலவாயினும், ஊரில் விளைச்சல் பொய்த்த ஆண்டாயினும், இல்லத்தரசி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தருகின்றாள். அது அடகுக் கடைக்குப் போய்ச் சேர்கின்றது. போனது யாருடைய கழுத்திலிருந்து என்பதை அவ்வீட்டில் உள்ள அனைவரும் அறிவர். அவ்வறிவு அவர்களுக்கு ஓர் அடக்கத்தைத் தருகின்றது. வெறுங்கழுத்தோடு அவள் சோறு பரிமாறும்போது, கூட்டில் உப்பில்லை என்று குறை கூற உண்பவன் சற்றுத் தயங்குவான்.

ஒரு நாடு தன் பொன்னை அடகு வைக்கும்போது அது யாருடைய கழுத்திலிருந்து எடுக்கப்படுகின்றது? இவ்வினா வெறும் பொருளியல் வினா அன்று; அறவியல் வினாவும் ஆகும். பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்து வேரூன்றிய நமக்கு இது இன்னும் நெருக்கமான வினா. ஏனெனில் 1991ஆம் ஆண்டில் நாட்டின் பொன் அடகுக்குப் புறப்பட்டது இந்நகரத்திலிருந்துதான்.

அவ்வாண்டு மே மாதத்தில், கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டு அரசின் வசம் இருந்த பொன்னில் 20 டன், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு, பாரத ஸ்டேட் வங்கியின் வாயிலாக அயல்நாட்டு வங்கிக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் இருப்பிலிருந்து ஏறத்தாழ 47 டன் பொன்னை விமானத்தில் அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் 40 கோடி டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகையைக் கடனாகப் பெற்றது. அந்நாளில் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். மே மாத விற்பனை சந்திரசேகர் ஆட்சியிலும் ஜூலை மாத அடகு நரசிம்மராவ் ஆட்சியிலும் நிகழ்ந்தன. ஆகவே இதனைக் கட்சிக் கண்கொண்டு நோக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? எண்பதுகளில் அரசின் செலவு வரவை விஞ்சி வளர்ந்துகொண்டே சென்றது. பற்றாக்குறையை ஈடுகட்ட வெளிநாட்டுக் கடன் பெருகியது. அதில் விரைவில் திருப்பித் தரவேண்டிய குறுகிய காலக் கடனும் மிகுதியாயிற்று. இவ்வாறு சுவர் ஈரம் கோத்திருந்த வேளையில், 1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக் குவைத்தினுள் புகுந்தது. எண்ணெய் விலை திடீரென ஏறியது. வளைகுடாவில் உழைத்துப் பணம் அனுப்பிய நம்மவருள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையில் ஒரு பையோடு நாடு திரும்பினர். வெளிநாடு வாழ் இந்தியர் இங்குள்ள வங்கிகளில் இட்டு வைத்திருந்த வைப்புத் தொகையைத் திரும்ப எடுக்கலாயினர். 1991இன் நடுவில், நாட்டின் கையிருப்பு அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமானதாகச் சுருங்கிவிட்டது.

இக்காரணங்களைப் படிப்போர் ஒன்றைக் கருதல் வேண்டும். கடன் வாங்கும் முடிவிலோ, செலவு செய்யும் முடிவிலோ, போர் தொடுக்கும் முடிவிலோ தெருவில் நடக்கும் மனிதனுக்குப் பங்கு ஏதும் இல்லை. முடிவெடுத்தவர் வேறு, விளைவை ஏற்றவர் வேறு. குடும்பத்தில் நகை கழற்றியவளிடம் ஒரு சொல் கேட்டிருப்பார்கள். இங்கே அச்சொல்லும் கேட்கப்படவில்லை.

இனி, அவ்விளைவு மேலிருந்து கீழே இறங்கி வந்த வழியைக் காண்போம். ஜூலை 1ஆம் நாளும் 3ஆம் நாளும் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 21 ரூபாயாக இருந்த டாலர் மூன்றே நாளில் ஏறத்தாழ 26 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன்னரே பலவகை இறக்குமதிக்கு, வாங்கும் பொருளின் மதிப்பைப் போல் இருமடங்குத் தொகையை வங்கியில் ரொக்கமாகக் கட்டிவைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்திருந்தது. மூலப்பொருள் கிடைக்காத சிறு பட்டறைகள் வேலை நாட்களைக் குறைத்தன. ஜூலை 24ஆம் நாள் நிதியமைச்சர் மன்மோகன் சிங் அளித்த வரவு செலவுத் திட்டத்தில் உரம், பெட்ரோல், சமையல் எரிவாயு ஆகியவற்றின் விலை உயர்ந்தது. நியாய விலைச் சர்க்கரைக்கு அளிக்கப்பட்ட மானியம் நீக்கப்பட்டது. ஆகஸ்டில் மொத்த விலை ஏற்றம் ஏறத்தாழ 17 விழுக்காட்டைத் தொட்டது. முந்திய ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு நூற்றுப் பதினேழு ரூபாய் தரவேண்டும் என்பது இதன் பொருள். கூலி நூற்றுப் பதினேழு ஆகாதவன் என் செய்வான்?

தாராவியில் விடியுமுன் எழுந்து இட்டிலி அவித்து, கூடையில் சுமந்து நகரெங்கும் விற்கும் நம்மவரை எண்ணிப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் விலை ஏறின. இட்டிலியின் விலையை அவர் ஏற்றினால், நான்கு வாங்கியவர் மூன்று வாங்குவார். ஏற்றாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் குறையும். இரண்டுக்கும் இடையே அவர் கண்ட வழி, ஊருக்கு அனுப்பும் மணியார்டரைக் குறைத்தல். ஐந்நூறு அனுப்பியவர் நானூறு அனுப்பினார். நெல்லைச் சீமையின் ஏதோ ஒரு சிற்றூரில், திண்ணையில் அமர்ந்து தபால்காரரை எதிர்நோக்கியிருந்த தாய் அந்த நூறு ரூபாயைத் தன் வயிற்றில் குறைத்துக்கொண்டாள். டாலரின் மதிப்பு ஏறியதை அவள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாள்.

சுமை இறங்கும் முறை இதுவே. இறக்குமதி செய்தவர் மொத்த வணிகர் மேல் ஏற்றினார். மொத்த வணிகர் சில்லறைக் கடைக்காரர் மேல் ஏற்றினார். கடைக்காரர் நம்மீது ஏற்றினார். ஒவ்வொருவரும் தமக்குக் கீழே உள்ளவரிடம் “நான் என்ன செய்வேன், எனக்கே இப்படித்தான் வருகிறது” என்றனர். அவர்கள் சொன்னது பொய்யன்று. ஆயினும், ஒவ்வொருவரும் உண்மையே பேசிய இச்சங்கிலியின் முடிவில் ஒரு பெரிய அநீதி நிகழ்ந்துவிட்டது. தனக்குக் கீழே எவரும் இல்லாத ஒருவர் தலையில் எல்லாரது சுமையும் வந்து தங்கியது.

அரசு இதில் கடன்பட்டது என்பதில் ஐயமில்லை. வரி திரட்டும் முறைபற்றிப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலுக்குள் இறங்கினால் அது தின்பதைவிடக் காலால் மிதித்து அழிப்பதே மிகுதி என்பது அப்புலவர் கருத்து. பொருளாதார நெருக்கடிக்கு இவ்வுவமை மிகவும் பொருந்தும். நாட்டுக்குத் தேவைப்பட்டது அந்நியச் செலாவணி. அதனைத் திரட்டும் அவசரத்தில் மூடப்பட்ட பட்டறைகளும், நின்றுபோன படிப்புகளும், தள்ளிப்போன மருத்துவங்களும் அக்கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை. தின்றதற்குக் கணக்கு உண்டு. மிதிபட்டதற்குக் கணக்கு இல்லை.

மற்றொன்றையும் நோக்குக. உரவிலை உயர்வு முதலில் 40 விழுக்காடு என அறிவிக்கப்பட்டது. உழவர் சார்பில் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டில் அவ்வுயர்வு 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இது நல்லதே. ஆனால் இதிலிருந்து பெறும் பாடம் யாது? குரல் உடையவரின் சுமை குறைகின்றது. பாத்திரம் துலக்குபவருக்காக, கட்டடத்தில் கல் சுமப்பவருக்காக, நடைபாதையில் பூத்தொடுப்பவருக்காக அன்று எழுந்த குரல் எது?

இதுவரை கூறியதைப் படித்து, அரசைக் குறை கூறிவிட்டு அமைதி கொள்வது எளிது. ஆனால் சுமை இறங்கிய படிகளில் ஒரு படியில் நாமும் நின்றோம் என்பதை மறத்தல் ஆகாது.

நம்மில் பெரும்பாலோர் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் பணியாற்றி வந்தவர்கள். நமக்கு அகவிலைப்படி என ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளர் இதனைப் பஞ்சப்படி என்பர். விலைவாசிக் குறியீட்டெண் ஏறும்போது ஊதியத்தோடு இப்படியும் ஏறும். இதனை நாம் இரந்து பெறவில்லை, உரிமையாகப் பெற்றோம். “விலை ஏறியது உழைப்பவன் குற்றமன்று, ஆகவே அவன் மட்டும் அதன் இழப்பை ஏற்கவேண்டியதில்லை” என்பதே இப்படியின் உட்பொருள். அந்நாளில் நடைமுறையில் இருந்த நான்காம் ஊதியக் குழுவின் முறைப்படி, மத்திய அரசு ஊழியருள் குறைந்த ஊதியத்தார்க்கு விலையேற்றம் முழுமையாகவும், உயர்ந்த ஊதியத்தார்க்கு அதில் ஒரு பகுதியுமே ஈடுசெய்யப்பட்டது. வலிமை குறைந்தவனை முதலில் காக்க வேண்டும் என்னும் அறம் ஓர் அலுவலகக் கணக்கு விதியாகவே எழுதப்பட்டிருந்தது. நாட்டின் உழைப்பாளருள் பத்தில் ஒன்பது பேர் முறைசாராத் தொழிலில் உள்ளவர்கள். அவர்களுக்கு அத்தகைய விதி ஏதும் எழுதப்படவில்லை.

1991ஆம் ஆண்டு நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் வேண்டும். பாத்திரம் துலக்க நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அம்மையார் நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியிருந்தவர். நம் மொழி பேசுபவர். இந்நகர வழக்கப்படி அவரைப் ‘பாயி’ என்றே அழைத்தோம்; பெயரைக் கேட்டறிந்தோமில்லை. தீபாவளிக்கு முன் ஒரு நாள், “அம்மா, மாசம் இருபது ரூபா கூட்டிக் குடுங்கம்மா, மண்ணெண்ணெய் வாங்கக்கூட காணல” என்றார். “எங்களுக்கே இழுபறியாக இருக்கிறது, அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று விடை கூறப்பட்டது. இழுபறியாக இருந்தது உண்மை. ஆனால் அவ்வாண்டின் அகவிலைப்படி உயர்வு நம் கைக்கு வந்து சேர்ந்ததும் உண்மை. அதிலிருந்து இருபது ரூபாய் ஒதுக்கினால் நம் அடுப்பு அணைந்துவிடாது என்பது நமக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழிந்தது. அவ்வம்மையாருடன் பன்னிரண்டு அகவை மதிக்கத்தக்க மகளும் வரலானாள். புதிதாக மூன்று வீடுகளில் வேலை ஏற்றுக்கொண்டதாகவும், துணைக்குப் பெண்ணை அழைத்துவந்ததாகவும் கூறினார். பள்ளிக்கூடம் என்னாயிற்று என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் வரும் விடையை அறிந்திருந்தமையால் கேட்கவில்லை. அச்சிறுமி நம் வீட்டு முற்றத்தில் அமர்ந்து சாம்பல் தொட்டுத் துலக்கிய பாத்திரங்களில் நாம் உண்டோம். நம் பிள்ளைகள் அவள் எதிரில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதினர்.

அடகு வைத்த பொன்னை நாடு அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே கடனைத் தீர்த்து மீட்டுவிட்டது. 2009ஆம் ஆண்டில் பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் பொன்னை விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. 1991இன் தொடக்கத்தில் 120 கோடி டாலர் அளவில் இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2024ஆம் ஆண்டில் 60,000 கோடி டாலருக்கும் மேலாக இருந்தது. இவையெல்லாம் மகிழத்தக்க செய்திகளே. அந்நெருக்கடிக்குப் பின் வந்த மாற்றங்களால் பயன்பெற்றவர்களுள் நம் பிள்ளைகளும் உளர் என்பதை மறுப்பதற்கில்லை. கணினித் துறையில் புகுந்து கடல்கடந்து சென்றோர் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு.

“அன்று பட்ட துன்பம் வீண்போகவில்லையே; பின்னால் நாடு முழுவதும் நன்மை பெற்றதே” எனச் சிலர் கூறுவர். நன்மை விளைந்தது மெய். எனினும், துன்பம் ஏற்றவரும் பயன் பெற்றவரும் ஒருவர்தாமா என்று ஆராய்தல் வேண்டும். அடகுக் கடையிலிருந்து மீண்ட சங்கிலியை அதனைக் கழற்றித் தந்தவளின் கழுத்தில் அணிவிப்பதே குடும்ப அறம். வேறொருத்தியின் கழுத்தில் அணிவித்துவிட்டு, நகை வீட்டில்தானே இருக்கிறது என்று கூறுவதை எந்தத் தாயும் ஏற்கமாட்டாள். பொன்னை மீட்க முடியும். ஏழாம் வகுப்பில் நின்றுபோன படிப்பை எந்த வங்கி மீட்டுத் தரும்?

“இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை, தனி மனிதர் என்ன செய்ய இயலும்?” என்று கேட்போரும் உளர். அரசின் கடமையை அரசு செய்தேயாக வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவதும் நம் கடமை. ஆனால் அரசு தன் கடமையில் தவறினால் நம் கடமையும் நீங்கிவிடும் என்பதற்கு நியாயம் ஏதும் இல்லை. நம் வீட்டில் உழைப்பவருக்கு ஊதியம் தருபவர் அமைச்சர் அல்லர், நாமே. அவரைப் பொறுத்தவரை அரசும் நாமே, ஊதியக் குழுவும் நாமே. செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தது மன்னர்க்காக மட்டும் என்று நாம் கருதிக்கொள்கிறோம். நான்கு சுவருக்குள் ஒருவருக்கு வேலை தருபவனும் ஒரு சிறு கோலை ஏந்தியவனே ஆவான்.

இச்சோதனை 1991உடன் முடிந்துவிடவில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடப்புக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றின் வாயிற்கதவுகள் வேலைக்கு வரும் பெண்களுக்கு மூடப்பட்டன. வேலைக்கு வர இயலாத மாதத்துக்கு ஊதியம் தருவதா, வேண்டாவா என்ற வினா ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. குறையாமல் தந்தவர் உண்டு. பாதி தந்தவர் உண்டு. வேலையே செய்யாதவளுக்கு எதற்கு என்று நிறுத்தியவரும் உண்டு. அதே ஏப்ரலில், மத்திய அரசு தன் ஊழியர்க்கும் ஓய்வூதியர்க்கும் அகவிலைப்படி உயர்வின் மூன்று தவணைகளை நிறுத்திவைத்தது. அப்போது நாம் எத்துணைக் குறைபட்டோம்! எத்தனை முறை அதைப் பற்றிப் பேசினோம்! வீட்டு ஊதியத்தை நிறுத்தியவர் கூறிய காரணமும், அகவிலைப்படியை நிறுத்திய அரசு கூறிய காரணமும் ஒன்றுதான்: நெருக்கடி. நமக்கு வந்தபோது அதனை அநீதி என்றோம். நாம் செய்தபோது அதனைச் சிக்கனம் என்றோம்.

ஆகவே, பொருளாதார நெருக்கடி எளியோரை எவ்வாறு தாக்குகின்றது என்ற வினாவுக்கு நாம் காணும் விடை இது. அது இடியைப் போல் நேரே அவர்கள்மேல் விழுவதில்லை. நம் போன்றோர் கைமாற்றிவிட, படிப்படியாக அவர்களிடம் போய்ச் சேர்கின்றது. அவ்வாறாயின், இடையில் நிற்பவர்க்கு ஒரு வலிமை உண்டு. வந்த சுமை அனைத்தையும் தாங்க வேண்டும் என்று எவரும் நம்மைக் கேட்கவில்லை. நம்மால் தாங்க இயலும் பங்கை நம்மிடமே நிறுத்திக்கொண்டு எஞ்சியதை மட்டும் கீழே விட்டாலும், கடைசிப் படியில் இருப்பவர் தலை நிமிர்ந்து நிற்க இயலும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நம் ஊதியமோ ஓய்வூதியமோ எத்தனை விழுக்காடு உயர்கின்றதோ, நம் இல்லத்தில் உழைப்பவர்க்கும் அவர் வாய்திறந்து கேட்குமுன் அத்தனை விழுக்காடாவது உயர்த்தித் தரலாம். அவர் பெயரைக் கேட்டறியலாம். அவர் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனரா என்று, வரும் விடைக்கு அஞ்சாமல் கேட்கலாம். நம் சங்கமும் இதில் செய்யத்தக்கது உண்டு. விழா நாளில் முன்வரிசையில் அமர்வோரும், விழா முடிந்தபின் பந்தியின் பாத்திரம் துலக்குவோரும் இந்நகரில் பெரும்பாலும் ஒரே மொழியினர். ஒரே மாவட்டத்திலிருந்து ஒரே இரயிலில் வந்தவர்கள். மொழியால் ஒன்றுபட்டோம் என்று மேடையில் கூறும் நாம், நெருக்கடி வரும் ஆண்டில் படிப்பு நின்றுபோகும் நிலையில் உள்ள ஒரு பிள்ளையின் கட்டணத்தை ஏற்றாலும் அச்சொல் மெய்யாகும்.

நம் வீட்டு முற்றத்தில் பாத்திரம் துலக்கிய அச்சிறுமிக்கு இன்று நாற்பத்தைந்து அகவை கடந்திருக்கும். அவள் இப்போது எங்கிருக்கின்றாள் என்பதை நாம் அறியோம். நாடு மீண்டுவிட்டதென்று பேசப்படும்போதெல்லாம் அவள் நினைவு நமக்கு வருகின்றது. மாதம் இருபது ரூபாய். ஆண்டுக்கு இருநூற்று நாற்பது ரூபாய். அந்த ஆண்டில் நாம் மிச்சம் பிடித்த தொகை அவ்வளவே.